கன்ட்ரோலரைக் கீழே வைக்கச் சொல்லும் கேம்கள்: ஜப்பானிய ஆர்பிஜிகளில் கட்சீன் செய்யும் வேலை

ஃபைனல் ஃபேன்டசி 16 கேம் 2023 ஜூனில் வெளியாவதற்கு முன்பே, அதில் 11 மணி நேரத்துக்கு மேல் கட்சீன் (நாம் ஆடாமல் வெறுமனே பார்க்கும் கதைக் காட்சி) இருக்கிறது என்ற செய்தி பரவிவிட்டது. உடனே பழைய சண்டை மறுபடி கிளம்பியது: இது கேமா, சினிமாவா? ஜப்பானிய ஆர்பிஜிகளை (ஒரு பாத்திரமாகவே இருந்து ஆடும் கதை கேம்களை) புதிதாக ஆடத் தொடங்குகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். ஐந்து நிமிடம் நடக்கிறோம், பத்து நிமிடம் பார்க்கிறோம். காசு கொடுத்து வாங்கிய கேமில் எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, இந்தக் காட்சிகள் எங்கிருந்து வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு முன்னெச்சரிக்கை: டிராகன் குவெஸ்ட் 5, ஃபைனல் ஃபேன்டசி 5, 6, 7, அதன் மறுஆக்கமான ரீபர்த் ஆகியவற்றின் முக்கியத் திருப்பங்கள் கீழே வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றன.

## கட்சீன் என்றால் என்ன

கேமின் ஓட்டத்தில் கட்டுப்பாடு ஆடுபவரின் கையைவிட்டுப் போய், கதை தானாக நகரும் பகுதிதான் கட்சீன். தயாரிக்கும் விதத்தை வைத்து இதை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கேமின் சொந்த பொம்மைகளைக் கொண்டு நடத்துவது. நாம் வரைபடத்தில் நடத்திச் செல்லும் அதே குட்டி உருவங்கள், முன்பே எழுதிவைத்த வரிசைப்படி நகர்ந்து பேசும். செலவு குறைவு. 1990-களின் முதல் பாதியில் பெரும்பாலும் இதுதான்.

2. முன்கூட்டியே தயாரித்த வீடியோ. பெரிய கணினிகளில் உருவாக்கியோ, அனிமேஷனாக வரைந்தோ வீடியோ கோப்பாக வட்டில் பதிந்துவிடுவார்கள். கேம் அதை ஓட்டிக் காட்டும், அவ்வளவுதான். ரசிகர்கள் எஃப்எம்வி என்று சொல்வது இதை.

3. நிகழ்நேரக் காட்சி. கேமின் கிராஃபிக்ஸ் எஞ்சினே அந்தக் கணத்தில் காட்சியை வரைகிறது. அதனால் நம் பாத்திரம் அப்போது அணிந்திருக்கும் உடையே காட்சியிலும் வரும். 2010-இல் வந்த ஸீனோபிளேடு குரோனிகிள்ஸில் இது சிரிப்புக்கும் இடமாயிற்று. கவசத்தைக் கழற்றிவிட்டால், உருக்கமான காட்சியிலும் நாயகன் உள்ளாடையோடுதான் நிற்பான்.

இன்றைய பெரிய கேம்கள் மூன்றாவது வகையைத்தான் அதிகம் நம்புகின்றன. ஆனால் கதை சொல்லும் இலக்கணம் முதல் வகையிலேயே உருவாகிவிட்டது. வீடியோ பின்னால் வந்து சேர்ந்தது.

## வீடியோ வருவதற்கு முன்பே

1992-இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கேம் கருவியில் வந்த டிராகன் குவெஸ்ட் 5-ஐ எடுத்துக்கொள்வோம். நாயகன் சிறுவன். அப்பா பாப்பாஸோடு ஊர் ஊராகப் போகிறான். வழியில் சண்டை வந்தால் அப்பா தானாகவே சண்டையிடுவார். நமக்கு அடிபட்டால் குணப்படுத்துவார். அவருக்கு நாம் கட்டளை கொடுக்க முடியாது, கொடுக்கத் தேவையும் இல்லை. அவ்வளவு பலசாலி. பல மணி நேர ஆட்டத்தில் ஒன்றை நாமே கற்றுக்கொள்கிறோம்: அப்பா இருக்கும்வரை பயமில்லை.

அப்புறம் கெமா என்ற வில்லன் சிறுவனைப் பிணையாகப் பிடித்துக்கொள்கிறான். பாப்பாஸ் திருப்பி அடித்தால் பிள்ளை செத்துப்போவான். அவர் நின்று அடி வாங்குகிறார். இது நடப்பது சாதாரண சண்டைத் திரையில்தான். வழக்கமாக நம் அடிகளையும் எதிரியின் அடிகளையும் எண்ணிச் சொல்லும் அந்த எழுத்துப் பெட்டி, இப்போது அப்பா வாங்கும் அடிகளை மட்டும் வரிவரியாகச் சொல்கிறது. கட்டளைப் பட்டியல் வரவே வராது. கேமரா இல்லை, குரல் இல்லை, முகபாவம்கூட இல்லை. வழக்கமாக நமக்கு இருக்கும் ஒன்று காணாமல் போனதே இங்கே கதை.

அதே ஆண்டு வந்த ஃபைனல் ஃபேன்டசி 5 வேறொரு சிக்கலைத் தொட்டது. இந்த வகைக் கேம்களில் சண்டையில் யாராவது விழுந்தால் ஃபீனிக்ஸ் டவுன் என்ற பொருளைக் கொடுத்து எழுப்பிவிடலாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். அப்படியென்றால் கதையில் ஒருவர் இறக்கும்போது அதைக் கொடுத்தால் என்ன? ஆட்டத்தின் விதியும் கதையின் விதியும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பல கேம்கள் இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும்.

ஃபைனல் ஃபேன்டசி 5 கடந்துபோகவில்லை. முதியவர் கேலஃப் வில்லன் எக்ஸ்டெத்தோடு தனியாக மோதும்போது அவருடைய உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகும் விழுவதில்லை. நாம் தொடர்ந்து கட்டளை கொடுக்கிறோம், அவர் தொடர்ந்து போராடுகிறார். விதி நம் கண்முன்னே உடைகிறது. சண்டை முடிந்ததும் தோழர்கள் குணமாக்கும் மந்திரத்தையும் ஃபீனிக்ஸ் டவுனையும் ஒவ்வொன்றாக முயல்கிறார்கள். எதுவும் பலிப்பதில்லை. அதன் பிறகு அவர் பேத்தி க்ரைல் குழுவில் சேரும்போது, நாம் கேலஃபுக்குச் சேர்த்த திறமைகள் அவளுக்குப் போகின்றன. நாம் உழைத்துச் சேர்த்த எண்களே அவர் விட்டுச்சென்ற சொத்து.

1994-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 6-இன் ஓபரா காட்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதனால் சுருக்கமாக: நம் குழுவில் ஒருத்தியான செலிஸ் ஒரு பாடகியின் இடத்தில் மேடையேற வேண்டும். ஒப்பனை அறையில் பாட்டின் வரிகளை நாம் படித்து மனப்பாடம் செய்துகொண்டு, மேடையில் சரியான வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்க்கும் காட்சியாக இருந்திருக்க வேண்டியது, மேடை பயத்தோடு நாமே நடிக்கும் காட்சியாக மாறுகிறது. இதெல்லாம் 3 எம்பி கேட்ரிட்ஜில் (கேமைப் பதிந்து கருவியில் செருகும் சிப் பெட்டி). அந்த கேமின் இரு இயக்குநர்களில் ஒருவரான யோஷினோரி கிதாசே நிஹோன் பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில் சினிமா படித்தவர். அடுத்து வந்த 7, 8 இரண்டையும் இயக்கியவரும் அவர்தான்.

## வட்டு வந்ததும் மாறியது என்ன

சிடி-ராமில் ஆர்பிஜி என்பது 1989-லேயே பிசி எஞ்சின் என்ற கேம் கருவியில் தொடங்கிவிட்டது. தெங்காய் மாக்யோ: ஸிரியா அந்த வழியின் முதல் பெரிய முயற்சி. குரல், அனிமேஷன், ரியூச்சி சகாமோட்டோவின் இசை எல்லாம் அதில் உண்டு. மறுபக்கம் 1993-இல் ஃபேன்டசி ஸ்டார் 4, கேட்ரிட்ஜிலேயே மங்கா பக்கங்கள்போல் படக்கட்டங்களைத் திரையில் அடுக்கிக் கதை சொன்னது. இன்று பார்த்தாலும் அது பழசாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம்.

உலகமே திரும்பிப் பார்த்தது 1997 ஜனவரி 31-இல் ஜப்பானில் வெளியான ஃபைனல் ஃபேன்டசி 7-ஐ. அதைத் தயாரித்த, அதுவரை நின்டெண்டோவோடு இருந்த ஸ்குவேர் நிறுவனம் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு மாறியதற்கு முக்கியக் காரணம் இடம். நின்டெண்டோ 64-இன் கேட்ரிட்ஜ் அதிகபட்சம் 64 எம்பிதான் எட்டியது. ஒரு சிடியில் ஏறக்குறைய 650 எம்பி. ஃபைனல் ஃபேன்டசி 7 அப்படி மூன்று சிடிகளை எடுத்துக்கொண்டது. கேமின் உலகமும் சண்டைகளும் பெரும்பாலும் மூன்று சிடியிலும் ஒன்றே. சிடிக்குச் சிடி மாறியது முக்கியமாக வீடியோதான்.

இதனால் கதையின் வடிவமே மாறியது. வட்டு மாற்றச் சொல்லும் இடம் இயல்பாகவே இடைவேளைபோல ஆயிற்று. அந்த இடத்தில் பெரிய அடி ஒன்று விழ வேண்டும் என்று கதையைக் கட்டினார்கள். ஏழில் முதல் சிடி நாயகனின் தோழி ஏரித்தின் சாவோடு முடிகிறது. எட்டில் முதல் சிடியின் முடிவில் நாயகன் ஸ்க்வாலின் மார்பில் பனி ஈட்டி பாய்கிறது.

## பொய் சொல்லும் கட்சீன்

ஏழாம் பாகத்தில் அதிகம் பேசப்படுவது ஏரித்தின் சாவு. கதைசொல்லும் திறமையை வைத்துப் பார்த்தால் அதைவிட நுட்பமான வேலை வேறோர் இடத்தில் நடக்கிறது.

கால்ம் என்ற ஊரின் விடுதியில் நாயகன் கிளவுட் தன் கடந்த காலத்தைத் தோழர்களிடம் சொல்கிறான். சோல்ஜர் என்ற சிறப்புப் படையில் இருந்ததாகவும், மாவீரன் செஃபிராத்தோடு சொந்த ஊரான நிபெல்ஹைமுக்குப் போனதாகவும் சொல்கிறான். அந்த நினைவை நாம் பார்ப்பது மட்டுமில்லை, ஆடவும் செய்கிறோம். சண்டையில் கிளவுட் லெவல் 1, செஃபிராத் லெவல் 50. ஒரு டிராகன் வருகிறது. கிளவுட் ஒரே அடியில் விழுகிறான், செஃபிராத்துக்குக் கீறல்கூட விழுவதில்லை. சிறப்புப் படை வீரன் எப்படி லெவல் 1 ஆக இருப்பான்? செஃபிராத்தின் பலத்தைக் காட்ட அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நாம் விட்டுவிடுகிறோம்.

கதை பின்னால் போகப்போகத்தான் உண்மை வருகிறது. செஃபிராத்தோடு போனது ஸாக் என்ற வேறொருவன். கிளவுட் அந்தக் குழுவில் இருந்த சாதாரணக் காவல் சிப்பாய். முதல் தடவை பார்த்த அதே காட்சிகளின் ஓரத்தில், முகமூடி போட்டுப் பெயர் இல்லாமல் நின்ற சிப்பாய்தான் அவன். லெவல் 1 என்ற எண் அப்போதே உண்மையைச் சொல்லிவிட்டது. நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது ஏன் வேலை செய்கிறது? கட்சீனை ஆடுபவர் எப்போதும் உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார். பாத்திரம் பொய் சொல்லலாம், கேம் காட்டுவது பொய்யாக இருக்காது என்பது எழுதப்படாத ஒப்பந்தம். ஏழாம் பாகம் அந்த ஒப்பந்தத்தை உடைத்தது. நம் கையாலேயே பொய்யான நினைவை நடத்திவைத்தது. அதனால் ஏமாந்தவன் கிளவுட் மட்டும் இல்லை. நாவலிலும் நம்ப முடியாத கதைசொல்லி உண்டு. ஆனால் அங்கே வாசகர் அந்தப் பொய்யைத் தன் கையால் ஆடிப்பார்ப்பதில்லை.

## ஒரு சாவு, நான்கு படிகள்

இனி ஏரித். அந்தக் காட்சியை வீடியோவாக மட்டும் பார்த்தால் ஒன்றரை நிமிட அனிமேஷன். பொம்மைகளின் கைகள் கட்டை கட்டையாக இருக்கும். இதற்கா உலகம் முழுக்க அழுதார்கள் என்று தோன்றும். காட்சி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

1. ஏரித் பிரார்த்தனை செய்யும் மேடைக்குக் கிளவுடை நாம்தான் நடத்திப்போகிறோம். கட்டுப்பாடு இன்னும் நம் கையில்.

2. செஃபிராத்தின் பிடியில் கிளவுட் வாளை உருவுகிறான். இங்கே பொத்தானை அழுத்தினால் வாள் இன்னும் மேலே எழும். வேறெதுவும் செய்ய முடியாது. தோழர்கள் கத்தும்போதுதான் நிற்கிறான். கையில் கட்டுப்பாடு இருப்பதுபோல் இருக்கும், அது நமக்கு எதிராகவே வேலை செய்யும்.

3. வீடியோ தொடங்குகிறது. செஃபிராத் மேலிருந்து இறங்கிக் குத்துகிறான். ஏரித்தின் வெள்ளை மட்டீரியா என்ற மந்திரக் கல் படிகளில் துள்ளித் துள்ளி விழுந்து நீருக்குள் போகிறது. இப்போது நம் கையில் எதுவுமே இல்லை.

4. உடனே ஜெனோவா என்ற எதிரியோடு சண்டை. கட்டுப்பாடு திரும்பிவிட்டது. ஆனால் வழக்கமான சண்டை இசை வருவதில்லை. இசையமைப்பாளர் நோபுவோ உவெமாட்சு ஏரித்துக்காக அமைத்த இசையே சண்டை முழுக்க ஓடுகிறது.

நான்காவது படிதான் என்னைக் கேட்டால் உச்சம். துக்கத்தை வைத்துக்கொண்டே கட்டளை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மெனுவைத் திறந்தால் ஏரித்தின் பெயர் இல்லை. அவளுக்கென்று வாங்கிப் பையில் வைத்திருந்த கோல்களை எடுக்க வேறு யாராலும் முடியாது. குணப்படுத்துவதற்கு அவளை நம்பி ஆடியவர்கள் அடுத்த சண்டையிலேயே தடுமாறுவார்கள். சாவின் பாரத்தைத் தூக்கிச் சுமப்பது வீடியோ இல்லை, அதற்குப் பின்னால் வரும் வெறும் இடம்.

## குரல் வந்தது, பெயர் போனது

2001-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 10 முக்கிய வரிசையில் முதன்முதலாகப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தது. அதுவரை எழுத்துப் பெட்டியை நம் வேகத்தில் படித்தோம். இனி நடிகரின் வேகம்தான் கதையின் வேகம்.

எதிர்பாராத விளைவு ஒன்று வந்தது. நாயகன் டைடஸின் பெயரை ஆடுபவர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற பழைய வசதியை விடவில்லை. அதனால் பல மணி நேரக் குரல் உரையாடலில் யாரும் அவன் பெயரைச் சொல்லவே முடியாது. காதலி யூனா உட்பட. ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் சிரமம். ஜப்பானிய வசனம் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அந்த நேரத்துக்குள் ஆங்கில வசனம் அடங்க வேண்டும். சில இடங்களில் பேச்சு அவசரமாகவும் சில இடங்களில் இழுத்தும் கேட்பதற்கு இதுவே பெரும் காரணம்.

அந்தக் கேமில் டைடஸும் யூனாவும் வாய்விட்டுச் சிரிக்கும் துண்டு ஒன்று இணையத்தில் இன்னும் சுற்றுகிறது, மோசமான நடிப்புக்கு உதாரணமாக. கேமில் நடப்பது வேறு. மனம் உடைந்திருக்கும் அவனிடம், சிரிப்பு வராதபோதும் சிரிக்கப் பழகு என்கிறாள் யூனா. இருவரும் வேண்டுமென்றே போலியாகச் சிரித்து, அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று பார்த்து உண்மையாகவே சிரித்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் வெட்டி எடுத்ததால் அர்த்தமே தலைகீழாகிவிட்டது. கட்சீன்களை யூடியூபில் வரிசையாகப் பார்த்துவிட்டு "கதை தெரியும்" என்று சொல்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

## எங்கே சறுக்குகிறது

செலவு முதல் காரணம். 1998-இல் வந்த ஸீனோகியர்ஸின் இரண்டாம் சிடியில், காலமும் ஆட்களும் போதாமல், பாத்திரங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டே போவார்கள். நாம் ஆடியிருக்க வேண்டிய இடங்களை அவர்கள் வாயால் கேட்கிறோம். அதை இயக்கிய டெட்சுயா தகஹாஷி பின்னர் மோனோலித் சாஃப்ட் நிறுவனத்தில் 2002-இல் தொடங்கிய ஸீனோசாகா, எதிர்ப்பக்கம் சாய்ந்தது. காட்சிகள் சினிமா அளவுக்கு நீண்டன, நடுவில் ஆட்டம் மெலிந்தது. ஆறு பாகமாகத் திட்டமிட்ட தொடர் மூன்றோடு நின்றது.

ஸ்குவேர் நிறுவனம் இந்தப் பாதையில் கடைசிவரை போய்ப் பார்த்தது. ஃபைனல் ஃபேன்டசியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி 2001-இல் முழுநீளக் கணினி அனிமேஷன் படம் இயக்கினார். செலவு ஏறக்குறைய 13.7 கோடி டாலர், வசூல் 8.5 கோடி டாலர் அளவில் நின்றது. ஹவாயில் இதற்கென்று அமைத்த படப்பிரிவை மூடினார்கள். வீடியோவில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லாத காலம் அது. ஆனால் கன்ட்ரோலரைத் தள்ளிவைத்த பிறகு அந்த வித்தை தனியாக நிற்கவில்லை.

2016-இல் ஃபைனல் ஃபேன்டசி 15 இதையே வேறு விதமாகச் செய்தது. நாயகன் நாக்டிஸின் ஊர் வீழ்வதும் தந்தை இறப்பதும் கிங்ஸ்கிளேவ் என்ற தனிப் படத்தில் விரிவாக வருகின்றன. கேமில் நாக்டிஸ் அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்கிறான். படம் பார்க்காதவருக்கு அந்தத் துக்கம் ஒட்டவே ஒட்டாது.

இரண்டாவது சிக்கல், தாண்டிப்போக முடியாமை. ஃபைனல் ஃபேன்டசி 10-இலும் முதல் கிங்டம் ஹார்ட்ஸிலும், அவை முதலில் வந்தபோது, தோற்றுப்போன சண்டைக்கு முந்தைய காட்சியை ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பார்த்தாக வேண்டியிருந்தது. முதல் தடவை நெஞ்சை அடைத்த வசனம் ஐந்தாவது தடவை எரிச்சலாகிவிடும். ஸ்கிப் பொத்தான் வந்த பிறகு, பாட்டு வந்தால் டீ குடிக்க எழுந்து போகிற தியேட்டர் ரசிகர்போல ஒரு கூட்டம் உருவானது. அதற்கும் சில தொடர்கள் வழி கண்டுபிடித்தன. டேல்ஸ் தொடரில் சின்னச் சின்ன அரட்டைகளைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் பார்க்கலாம். ஃபைனல் ஃபேன்டசி 16-இல் காட்சியை நிறுத்தினால், அந்தக் கணத்துக்குத் தேவையான ஆட்கள், நாடுகள், சொற்களின் விளக்கம் திரையில் வரும். அரசியல் நெளிவுசுளிவு நிறைந்த கதைக்கு இது நிஜமாகவே உதவுகிறது. மற்ற கேம்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் 11 மணி நேரத்தைப் பற்றி: நீளம் ஒரு குற்றம் இல்லை. பிரம்மாண்டச் சண்டைகளின் நடுவே ஒரே ஒரு பொத்தானை நேரத்துக்கு அழுத்தச் சொல்கிற இடங்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. அங்கே கட்டுப்பாடு முழுசாகவும் இல்லை, முழுசாகப் போகவும் இல்லை. பாப்பாஸின் சண்டையில் இல்லாத ஒரு மழுப்பல் அது.

## மறுஆக்கத்தில் நடந்த மாற்றம்

2024 பிப்ரவரி 29-இல் வெளியான ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த், ஏரித்தின் சாவை இன்றைய தொழில்நுட்பத்தில் மறுபடி காட்டியது. முகத்தின் தசை அசைவுவரை தெரிகிறது. ஆனாலும் கேம் முடிந்ததும் ரசிகர்கள் அழுததைவிட, என்னதான் நடந்தது என்று விவாதித்ததே அதிகம்.

காரணம் இரண்டு. ஒன்று, காட்சி வேண்டுமென்றே கலங்கலாக இருக்கிறது. கிளவுட் செஃபிராத்தின் வாளைத் தட்டிவிடுகிறான், திரை சிதறுகிறது, அடுத்த கணம் இரத்தம் தெரிகிறது. அவள் பிழைத்த உலகமும் இறந்த உலகமும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. மூலத்தில் கிளவுட் அவள் உடலை நீரில் விடும் காட்சி இதில் இல்லை. பொய்யான நினைவுகளால் ஆன நாயகனுக்கு இது பொருத்தமான உத்திதான். கால்ம் விடுதியில் செய்த வேலையை இங்கே சாவுக்கே செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம். அதற்குப் பின் வரும் நீண்ட சண்டைத் தொடரின் கடைசிக் கட்டத்தில் ஏரித் திரும்பி வந்து கிளவுடோடு சேர்ந்து சண்டையிடுகிறாள், நாம் அவளை ஆடுகிறோம். 1997-இல் மெனுவில் வெறுமையாகிப்போன இடம் 2024-இல் அதே இரவில் நிரம்பிவிடுகிறது. இழந்தோமா இல்லையா என்று கண் குழம்பினால்கூடப் பரவாயில்லை, கையும் குழம்பிவிட்டது. மறுஆக்கத்தின் மூன்றாம் பாகம் இதற்கு எத்தனை கட்சீன்களில் விளக்கம் சொன்னாலும், அவள் நிஜமாகவே போய்விட்டாளா என்பதை ஆடுபவர் தெரிந்துகொள்ளப்போவது குழுவின் பட்டியலைத் திறந்து பார்த்துத்தான்.